தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: சேலத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

சேலம், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்து ஆட்கள் தரங்கம்பாடிக்கு நேராகப் போவது குறைவு. அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் கல்யாணத்துக்கோ திருக்கடையூர் போவார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் அபிஷேகம், மாலை மாற்றல், சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும். வேன் டிரைவர் "பக்கத்துல கோட்டை ஒண்ணு இருக்கு, கடலும் இருக்கு" என்பார். பட்டு வேட்டி, பட்டுப் புடவையோடு உச்சி வெயிலில் இறங்கி, மதில் மேல் ஒரு குரூப் போட்டோ எடுத்து, அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். "அங்க ஒண்ணுமில்லீங்க, ஒரு பழைய பங்களா" என்று ஊரில் வந்து சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படிப் போனவர்கள்தான்.

அரை மணி நேரத்துக்கு அந்தக் கோட்டை தேறாது என்பது உண்மைதான். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், தமிழ்நாட்டுக் கடற்கரையில் இவ்வளவு முழுசாக நிற்கும் 17ஆம் நூற்றாண்டு வணிகக் கோட்டையை வேறெங்கும் பார்ப்பது கடினம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே இது இருபது வருடம் மூத்தது.

முதலில் நாள் விஷயம். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அம்மன் சன்னதி என்பதால் திருக்கடையூருக்கு வெள்ளிக்கிழமை பார்த்துப் போகிறவர்கள் அதிகம், அவர்கள் இங்கே வந்து பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள். கல்யாணம் வெள்ளிக்கிழமை என்றால் கோட்டையை வியாழன் மாலையோ சனி காலையோ வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து வாக்கில் மூடுகிறார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட் கொடுக்க ஆள் இல்லாமல் போகலாம். கட்டணம் பெரிய தொகை இல்லை. கேமராவுக்குத் தனி டிக்கெட் என்பதால் சில்லறை வைத்திருங்கள்.

வழி. காரில் போவதென்றால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் சுற்ற வேண்டாம். அது 300 கிலோமீட்டரைத் தொடும், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே ஊருக்கு ஊர் நிற்க வேண்டிவரும். உளுந்தூர்ப்பேட்டை சாலையைப் பிடித்து ஆத்தூர், தலைவாசல் தாண்டி, சின்னசேலத்தில் பிரிந்து, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர் வழியாகப் போனால் சுமார் 250 கிலோமீட்டர்தான். மேட்டுப்பட்டியிலும் நத்தக்கரையிலும் சுங்கச்சாவடி உண்டு. ஊர்ப் புறவழிகளில் நான்கு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கி இந்தச் சாலை நிறைய உயிர் வாங்கியிருக்கிறது. அகலப்படுத்தும் வேலை நடந்த இடங்களிலும் விடியற்காலை இருட்டில் வேகம் வேண்டாம். டீக்கு நிறுத்துவதையும் சேர்த்து ஐந்தரை மணி நேரம் வையுங்கள். காலை நாலரைக்குக் கிளம்பினால் கோட்டை திறக்கும்போது வாசலில் இருக்கலாம்.

ரயிலில் இரண்டு வழி இருக்கிறது. பெங்களூரிலிருந்து சேலம், ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் வழியாகக் காரைக்கால் போகும் வண்டி மயிலாடுதுறையில் நிற்கும். நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர் சுற்றிக்கொண்டு மயிலாடுதுறை போகும் சேலம் வண்டி இன்னொன்று. இரண்டுமே பகல் பொழுதை ரயிலிலேயே தின்றுவிடும், போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் ரயில் என்றால் ஒரு ராத்தங்கல் கட்டாயம். நேரங்கள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட மீட்டர்கேஜ் பாதையை 1980களில் மூடிவிட்டார்கள். கடைசி முப்பது கிலோமீட்டருக்குப் பஸ்தான், பொறையார் போகும் வண்டியில் ஏறினாலும் போதும், அங்கிருந்து கோட்டை பக்கம்.

இனி கோட்டை. சங்ககிரி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஏமாற்றம். மலை இல்லை, அடுக்கடுக்காக வாசல் இல்லை, மூச்சு வாங்க ஏறுவதும் இல்லை. டென்மார்க்கின் க்ரோன்போர்க் கோட்டைக்கு அடுத்தபடி டேனிஷ்காரர்கள் கட்டிய இரண்டாவது பெரிய கோட்டை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதை நம்பிப் பிரம்மாண்டத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கத்து மதில் அறுபது மீட்டர், அதன் அகலம் பதினொரு மீட்டர். சரிவகம் போன்ற அமைப்பு, நடுவே திறந்த முற்றம், கடல் பக்கம் இரண்டு தளக் கட்டடம், ஓரங்களில் படைவீரர் தங்கும் அறைகள், சமையலறை, சிறை. சுற்றி இருந்த அகழியும் அதைக் கடக்க வைத்திருந்த தூக்குப் பாலமும் இப்போது கிடையாது. அகழி தூர்ந்து தரையோடு தரையாகிவிட்டது.

இதைப் போர்க்கோட்டையாகப் பார்ப்பதுதான் தப்பு. செவ்வாய்ப்பேட்டை மண்டி மாதிரி இதைப் பாருங்கள்: கீழே மூட்டை, மேலே முதலாளி, வாசலில் காவல். முதன்மைக் கட்டடத்தின் கீழ்த்தளம் சரக்கு குடோனும் வெடிமருந்துக் கிடங்கும். மேல்தளத்தில் ஆளுநர், மூத்த வணிகர்கள், பாதிரியார் ஆகியோரின் இருப்பிடம், கூடவே ஒரு சிறு தேவாலயம். பீரங்கி மதிலில் வைத்தது கீழே கிடக்கும் சரக்கைக் காக்கத்தான்.

கீழ்த்தளத்திலிருந்தே ஆரம்பியுங்கள். நிறையப் பேர் நேராக மேலே ஏறி, அருங்காட்சியக அலமாரிகளைச் சுற்றிவிட்டு, களைத்துப்போய்க் கீழ் அறைகளை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். கீழே இருப்பதுதான் கோட்டையின் வயிறு. நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், பிறகு கூரையைப் பாருங்கள். உத்திரமே இருக்காது. செங்கல்லை வளைத்து வளைத்துக் கட்டிய கமான் கூரை, மேல்தளத்தின் முழு எடையையும் பக்கச் சுவர்களுக்குத் தள்ளுகிறது. சுவர் அவ்வளவு தடிமனாக இருப்பது அதனால்தான். மரம் போட்டிருந்தால் உப்புக்காற்றிலும் கரையானிலும் சில பத்தாண்டுகளில் போயிருக்கும், தீப்பிடித்தால் வெடிமருந்தோடு எல்லாமே போயிருக்கும்.

மிளகு வைத்த இடம் இது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றி மிளகு எடுக்கிறவர்களுக்கு இந்த அறையின் கஷ்டம் உடனே புரியும். மிளகின் ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும். கடலிலிருந்து சில அடி தூரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே, கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் அதைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். தடித்த சுவர் உள்ளே வெப்பத்தை ஏறவிடாது, சின்னத் திறப்புகள் காற்றை விடும், மழையை விடாது. திறப்புகள் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். எந்தப் பலகையிலும் இதை எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை. கீழ் அறை ஏதாவது பூட்டியிருந்தால் ஊழியரிடம் தன்மையாகக் கேளுங்கள். கைபேசி டார்ச் வைத்திருங்கள்.

இந்த இடத்துக்கு டேனிஷ்காரர்கள் வந்ததே கிட்டத்தட்ட தவறிப்போய்தான். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தொடங்கியது. ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் 1618 நவம்பரில் கப்பல்கள் கிளம்பின, இலக்கு இலங்கை. ஒன்றரை ஆண்டு கடலில் கழித்து 1620 மே மாதம் இலங்கை சேர்வதற்குள் வந்த ஆட்களில் பாதிக்கு மேல் செத்துவிட்டார்கள். கண்டி அரசர் இவர்களோடு ஒப்பந்தத்துக்கு இசையவில்லை. இதற்கிடையே முன்னாலேயே அனுப்பிய ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் க்ராப்பே என்ற டச்சுக்காரர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் அங்கே பேசிவைத்ததுதான் கெட்டேவுக்குக் கைகொடுத்தது. 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் கப்பம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய கடிதம் பொன் ஏட்டில் தமிழில் எழுதியது, கையெழுத்து தெலுங்கில். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தஞ்சாவூர் அரசு ஓர் ஐரோப்பிய அரசரைச் சமமாக வைத்து, தன் மொழியில், பொன்னில் எழுதிய கடிதம். வந்தவர்கள் அன்று பிடித்தது ஒன்றும் இல்லை, இவர்கள் கொடுத்த இடத்தில் குத்தகைக்கு உட்கார்ந்தார்கள் என்பது இந்த ஒரு கடிதத்திலேயே தெரிந்துவிடும்.

மேல்தளம் அருங்காட்சியகம். பீங்கான் பாத்திரங்கள், தேயிலை ஜாடிகள், கண்ணாடிப் பொருட்கள், வாள், குத்துவாள், ஈட்டி, சுடுமண் பொம்மைகள், சுதைச் சிற்பங்கள், மரச் சாமான்கள், டேனிஷ் ஆவணங்கள். பொருள் நல்ல பொருள்தான், அடுக்கிய விதம்தான் பழைய பாணி. எது எந்த நூற்றாண்டு, எது கோட்டையிலேயே கிடைத்தது, எது சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தது என்று ஒரு கோர்வை இல்லை. பெயர்ச்சீட்டை மட்டும் படித்துக்கொண்டு நகர்ந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பீங்கானிடம் மட்டும் நின்று பாருங்கள். சீனத்துத் தேயிலையும் பீங்கானும் 18ஆம் நூற்றாண்டு டேனிஷ் வணிகத்தின் பெரிய வருமானம். தரங்கம்பாடியைவிடச் சீனாவின் கான்டன் துறைமுகம் அவர்களுக்கு முக்கியமாகிப்போன காலம் அது. மிளகுக்காகக் கட்டிய கோட்டையில் தேயிலை ஜாடி இருப்பதற்குப் பின்னால் ஒரு வணிக மாற்றமே இருக்கிறது, காட்சிப் பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

காசு பற்றியும் சொல்ல வேண்டும். டேனிஷ்காரர்கள் இங்கேயே காசு அடித்தார்கள். தொடக்கத்தில் ஈயக்காசு, பிறகு செம்பு. ஒரு பக்கம் அரசரின் முத்திரை எழுத்து இருக்கும், பழைய ஈயக்காசுகள் சிலவற்றில் கப்பலின் பெயரே இருக்கும். ஈயம் காற்றுப் பட்டால் வெளுத்துப் பொடியும், அதனால் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் எழுத்து மழுங்கியவை. கடற்கரையில் யாராவது "டேனிஷ் காசு" என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் நஷ்டம், நிஜமாக இருந்தால் தொல்பொருள் சட்டச் சிக்கல்.

இந்தக் கோட்டையின் கதையில் நிஜமாகவே ஆளைப் பிடித்து நிறுத்தும் பகுதி ஒன்று உண்டு, வழிகாட்டிகள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1640களின் தொடக்கத்துக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து இங்கே ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனி கடனில். 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள், கோட்டையை ஜெர்மனியின் பிராண்டன்பர்க் அரசுக்கு விற்கப் பேசினார்கள், அதுவும் படியவில்லை. இங்கே இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, கடிதத்துக்குப் பதிலும் இல்லை. வில்லெம் லேயெல் என்ற தளபதி வங்காள விரிகுடாவில் வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்து, அந்தக் கொள்ளையில் கோட்டையை ஓட்டினார். 1655 வாக்கில் மிஞ்சியது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர். பெரிய பதவிக்காரர் இல்லை, சாதாரணப் படையாள். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, கப்பம் கேட்டு வந்த நாயக்கர் படையைச் சமாளித்து, ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, 1669 வரை டேனிஷ் கொடியை இறக்காமல் வைத்திருந்தார். அந்த ஆண்டு டென்மார்க் கப்பல் வந்தபோது அவரையே ஆளுநராக உறுதி செய்தார்கள். அடுத்த ஆண்டே புதுக் கம்பெனி தொடங்கியது.

இதைத் தெரிந்துகொண்டு முற்றத்தின் நடுவே நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு சின்னக் கோட்டை இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது எப்படி என்ற கேள்விக்கு விடை அதன் சின்ன அளவுதான். பெரிய கோட்டையாக இருந்திருந்தால் சில பத்துப் பேரை வைத்துக்கொண்டு மதிலைக் காவல் காத்திருக்கவே முடியாது.

மதில்மேல் ஏறுங்கள். படிகள் தேய்ந்தவை, தடுப்புச் சுவர் சில இடத்தில் இடுப்பளவுகூட வராது. குழந்தைகளின் கையை விடாதீர்கள், மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். மேலே நின்று கடலைப் பார்த்தால் ஒன்று உறைக்கும்: இங்கே துறைமுகமே இல்லை. அலையடிக்கும் திறந்த கரை. பெரிய கப்பல் தள்ளித்தான் நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் வந்து போக வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். படகும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் நம் கடற்கரை மக்கள். அவர்கள் இல்லாமல் கோட்டைக்கு ஒரு மூட்டை உப்புகூட இறங்கியிருக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை புயல் காலத்தில் கப்பல்கள் இந்தக் கரையைவிட்டே விலகிவிடும்.

ஊர் சரிந்ததற்கும் துறைமுகம் இல்லாததே பெரிய காரணம். நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்து 1815இல் திருப்பிக் கொடுத்தபோது வணிகம் மீளவில்லை. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இருந்த கொஞ்ச சரக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது. வளராமல் நின்றுபோனதால்தான் ஊர் அப்படியே மிஞ்சியது. கோட்டை வெகுகாலம் பயணியர் விடுதியாக இருந்தது, 1970களின் கடைசியில் மாநிலத் தொல்லியல் துறைக்கு வந்தது. 2001 வாக்கில் டேனிஷ் ஆர்வலர் சங்கம் ஒன்றின் உதவியோடும், 2011இல் சுற்றுலாத் துறை மூலமும் பழுது பார்த்தார்கள்.

பழுது என்றதும் சுவரைப் பற்றி. உள்ளே பூச்சு பொரிந்து நிற்கும் இடங்களைப் பார்த்து "இப்பத்தான் பண்ணாங்க, அதுக்குள்ள இப்படியா" என்று கேட்காதவர்கள் இல்லை. கடலோரச் செங்கல் சுவர் உப்பு ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும், ஈரம் அதன் வழியே வெளியேறும். உப்பு பூச்சிலேயே படிந்து பூச்சு உதிரும், உள்ளே செங்கல் தப்பிக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை புதுசாகப் பூச வேண்டியதுதான், அது பூச்சின் வேலை. சிமென்ட் பூசினால் பார்க்க வருடக்கணக்கில் நன்றாக இருக்கும், ஆனால் ஈரம் உள்ளே அடைபட்டு உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதையே தூளாக்கிவிடும். எந்தப் பழைய கட்டடத்திலும் பொரிந்த இடத்தில் உதிர்வது வெள்ளைப் பொடியா, சாம்பல் நிறத் தகடா என்று பாருங்கள். தகடாகப் பெயர்ந்தால் அங்கே சிமென்ட் கை வைத்திருக்கிறார்கள். பொரிந்ததை விரலால் சுரண்டாதீர்கள், சுவரில் பெயர் எழுதும் நம் பழக்கத்தையும் வாசலோடு விட்டுவிட்டு வாருங்கள். காதலர் பெயர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

தமிழ் படிக்கிற எவரும் இந்த ஊரைக் கோட்டையோடு முடித்துக்கொள்ளக் கூடாது. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர், இங்கிருந்த கம்பெனிக்காரர்களுக்கோ இவர்களைக் கண்டாலே ஆகாது. 1708 கடைசியில் சீகன்பால்குவைப் பிடித்து இதே கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார் ஆளுநர். சீகன்பால்கு மணலில் எழுதிப் பழகித் தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, தமிழ் இலக்கணம் எழுதியவர். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, தாளைத் தின்றன. சிறிய எழுத்து வார்க்க ஈயம் தேவைப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கிக்கொண்டார்கள். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகிவிட்டது. தாளுக்காகப் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டுடையது, அடுத்த வருடம் முப்பத்தாறு வயதில் இறந்த அவரது கல்லறையும் அங்கேதான். எதிரில் சற்றுத் தள்ளி 1701இல் கட்டிய சீயோன் ஆலயம். இரண்டிலும் வழிபாடு நடப்பதால் ஞாயிறு காலை சுற்றிப் பார்க்கும் நேரம் இல்லை. அவர் வாழ்ந்த வீட்டையும் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் அதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் நடக்கும் வரிசை இதுதான். 1792ஆம் ஆண்டு பொறித்த நகர வாசலில் வண்டியை விட்டு இறங்கி, நேராகக் கடலை நோக்கி ராஜா தெருவில் நடங்கள். ஆலயங்கள், பழைய வீடுகள், ஆளுநர் மாளிகை எல்லாம் இந்தத் தெருவை ஒட்டியே வந்துவிடும். கோட்டை வாசல் வரை நிதானமாகப் பதினைந்து நிமிடம். வேனை உள்ளே கொண்டுபோய்க் கோட்டை முன்னாலேயே நிறுத்தினால் இந்தத் தெரு கிடைக்காது, அதை விட்டால் பாதி ஊரே கிடைக்காது.

கோட்டைக்கு வடக்கே கரையோரமாக மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306ஆம் ஆண்டு. டேனிஷ்காரர்களுக்கு 300 வருடம் முந்தியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமி இந்த ஊரில் நிறைய உயிர்களைக் கொண்டுபோனது, அதன்பின் கரையில் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகள் மேல் நின்று செல்பி எடுக்காதீர்கள். கல் அசையும், பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை வருவதற்குள் எடுக்க முடியாது. குளிக்கவும் இது ஏற்ற கரை இல்லை.

போட்டோவுக்கு: கோட்டையின் கடல் முகம் கிழக்கு, அதில் காலை எட்டு மணிக்குள் நல்ல வெளிச்சம் விழும், டிக்கெட் இல்லாமல் கரையிலிருந்தே எடுக்கலாம். முற்றத்திலிருந்து தெரியும் முகப்புக்கு மாலை நாலு மணி. நடுப்பகலில் சுவரும் மணலும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும், படமும் வெளுத்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏற்காட்டுக் குளிரிலிருந்து இறங்கி நேராகப் போகிறவர்களுக்குச் சித்திரை, வைகாசி வெயில் ஒத்துவராது. முற்றத்தில் நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சுமார். கடற்கரையில் வறுத்த மீன், சுண்டல், ஐஸ்கிரீம் வண்டிகள்தான். முழுச் சாப்பாட்டுக்குப் பொறையார் அல்லது திருக்கடையூர் போங்கள். காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள். புதுச்சேரி எல்லை என்பதால் சில டிரைவர்கள் அங்கே வண்டியைத் திருப்ப ஆசைப்படுவார்கள், மறுபடி 250 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியவர் அவர்தான் என்பதைக் கிளம்பும்போதே பேசிவிடுங்கள். தங்குவதற்குத் தரங்கம்பாடியில் இருக்கும் பாரம்பரிய விடுதிகள் விலை கூடுதல். குடும்பமாகப் போகிறவர்களுக்குத் திருக்கடையூர் லாட்ஜ்கள் போதும், முகூர்த்த நாட்களில் மட்டும் ஒரு மாதம் முன்னாலேயே நிரம்பிவிடும்.

ஒரே நாளில் போய் வர நினைப்பவர்கள் மூன்று மணிக்குள் வண்டி ஏறிவிட வேண்டும். சிதம்பரம், விருத்தாசலம் பகுதியில் இருட்டிய பிறகு சாலையில் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகும், அவற்றின் பின்னால் மாட்டினால் ஆத்தூர் வரவே பதினொரு மணி ஆகிவிடும். மாலை வெயிலில் கோட்டை முகப்பைப் படம் எடுத்தே தீர வேண்டும் என்றால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.